உப்பில்லாத உப்பு

அத்தியாயம் 11

பிறந்தநாள் விருந்தில், வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் தங்கையின் கணவரை ‘மூணு மாச டாக்டர்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்த பெரியவள், அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தங்கையும் போன் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அப்பாதான். சாப்பாடு சின்னவள் வீட்டில், போனில் திட்டு பெரியவளிடம் என்று அவர் பொழுது போய்க்கொண்டிருந்தது.

பெரியவளுக்கு வருத்தமே இல்லையா? இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு மேலே எரிச்சல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பின்னே என்ன? அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. நோயாளிக்கு சூப்பா, பாலா என்பதை டாக்டர்களே அவளைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். பெற்ற அப்பா மட்டும் யார் சொல்படி சாப்பிடுகிறார்? நேற்று வரை இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று மாத வகுப்பு முடித்து, இன்று போன் கேமராவுக்கு முன்னால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உலகத்துக்கே உபதேசம் செய்கிற ஓர் ஆளின் சொல்படி!

அந்த வெள்ளைக் கோட்டை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று புதன்கிழமை. ஆஸ்பத்திரிச் சமையல் கூடத்தில் காலைத் தட்டுகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. உப்பில்லாத சாப்பாட்டுக்கு மஞ்சள் அட்டை, சர்க்கரை நோய்க்குப் பச்சை அட்டை, அரைத்த சாப்பாட்டுக்கு நீலம். பெரியவள் ஒவ்வொரு தட்டின் மூடியையும் தூக்கிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். தலைமைச் சமையல்காரர் போனை நீட்டினார்.

“மேடம், உங்க வீட்டு மாப்பிள்ளை வந்திருக்காரு.”

“எங்கே?”

“போன்லதான். இன்னைக்கு வெள்ளரிக்காய்.”

திரையில் தங்கையின் கணவர் ஒரு வெள்ளரிக்காயைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார். ‘நண்பர்களே, வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டாதீர்கள், நெடுக்கே வெட்டுங்கள், அப்போதுதான் அதன் சக்தி உடையாமல் உள்ளே போகும்’ என்றார். சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“உள்ளே போறதுக்கு முன்னாடி பல்லுன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன பண்ணுமாம்?” என்றாள் பெரியவள். “இதை எத்தனை பேர் பார்த்திருக்காங்க?”

“நாப்பதாயிரம் பேர் மேடம்.”

“நாப்பதாயிரம் மண்டையிலயும் ஒண்ணும் இல்லைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. தட்டை ஏத்துங்க.”

சமையல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைப் பைக்குள் போட்டார். மேடத்தின் வாய்க்கு எதிரே நின்று ஜெயித்தவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

ஆனால் நோயாளிகளுக்கு அந்த வாய் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறு ஒரு மேடம். ஒவ்வொரு புதன்கிழமையும் வெளிநோயாளிகள் கூடத்தில் மைக் வைத்து, சாப்பாட்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்கிற நிகழ்ச்சியை ஆரம்பித்ததே அவள்தான். எவ்வளவு அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் சிரிக்கக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சட்டம் போட்டதும் அவள்தான். ஒருமுறை சிரித்தால் அந்த நோயாளி மறுபடி வாயே திறக்க மாட்டார், அப்புறம் எதை விழுங்குகிறார் என்று நமக்குத் தெரியாமலே போய்விடும் என்பாள்.

நல்ல சட்டம்தான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் அது செல்லாது, அவ்வளவுதான். சிறுநீரகம் இரண்டும் பாதி வேலைதான் செய்கிறது, இரத்த அழுத்தம் வேறு, உப்பைக் குறையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லும்போது அவள் குரலில் இருந்த தேன் எங்கே போகுமோ தெரியாது. ‘உங்களுக்குச் சொல்றதும் செவுத்துக்குச் சொல்றதும் ஒண்ணுதான்’ என்று ஆரம்பித்து, ‘லிப்ட் ரிப்பேர் பண்ணின மூளைக்கு இதுக்கு மேல ஏறாது’ என்று முடிப்பாள். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ரெண்டு பெண்களைப் படிக்க வைத்த மனிதர் அதைக் கேட்டு லேசாகத் தலையாட்டுவார். தலையாட்டுவதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

வெளிநோயாளிகள் கூடம் அன்று நிரம்பியிருந்தது. மருந்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கிறவர்கள், ஏசிக்காக வந்து உட்கார்ந்தவர்கள், நிஜமாகவே கேள்வி கேட்க வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்து இருந்தார்கள். பாதிப் பேர் முகத்தில் மாஸ்க். மேஜை மேல், எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று அளவு காட்டுவதற்காக அவள் வைத்திருக்கிற ரப்பர் சாப்பாடு வரிசையாக இருந்தது. ரப்பர் முட்டை, ரப்பர் மீன் துண்டு, ரப்பர் ஆப்பிள். ஆப்பிளில் யாரோ ஒரு புண்ணியவான் கடித்துப் பார்த்த பல் தடம் இருந்தது.

முதல் ஆள் ஒரு டாக்சி டிரைவர். “மேடம், முட்டையில மஞ்சளை எடுத்துட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுறேன். எடுத்த மஞ்சளை என் பொண்டாட்டி சாப்பிடுறா. எனக்கு இறங்கின கொழுப்பு அவளுக்கு ஏறுமா?”

கூடத்தில் ‘களுக்’ என்று சத்தம். பெரியவள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. “நல்ல கேள்வி. உங்களுக்கு சர்க்கரை, இதயத் தொந்தரவு எதுவும் இல்லைன்னா ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு முழு முட்டை ரெண்டு பேரும் சாப்பிடலாம். பிரிக்க வேண்டாம்.”

அடுத்தது ஒரு டீச்சர். சுடுதண்ணீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் தொப்பை கரையுமா? “தொப்பை கரையாதுங்க. தேன்தான் கரையும். அதுவும் சர்க்கரைதான், கணக்குல வெச்சுக்கோங்க.” அதற்கடுத்தவர், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சாப்பிட்டால் அத்தனையும் கொழுப்பாகிவிடுமாமே என்றார். “வயித்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதுங்க. எவ்வளவு சாப்பிடுறீங்க, சாப்பிட்ட உடனே படுக்குறீங்களா, அதைத்தான் பார்க்கணும்.”

வெளியே இப்படி. உள்ளே அவள் என்ன நினைத்தாள் என்பதை எழுதினால் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவீர்கள். தின்பது தவிர வேறு வேலையே இல்லாத ஜனங்கள், அதையும் எப்படித் தின்பது என்று ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பது அதில் கொஞ்சம் நாகரிகமான பகுதி.

பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு கை உயர்ந்தது. ஊழியர் மைக்கைக் கொண்டு போய்க் கொடுத்தார்.

“சொல்லுங்க ஐயா,” என்றாள் பெரியவள், தண்ணீர் பாட்டிலை மூடியபடியே.

“வணக்கம் மேடம். எனக்கு ஒரு சந்தேகம்.”

பாட்டில் மூடி கையிலிருந்து நழுவியது. தொப்பி, மாஸ்க், பழைய சாம்பல் நிறச் சட்டை. எத்தனை மாஸ்க் போட்டால் என்ன, அந்தக் குரல் அவளைத் தூக்கி வளர்த்த குரல் ஆயிற்றே!

அப்பா.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். இது அந்த மூணு மாசத்தின் வேலைதான். கிழவரை அனுப்பி ஏதாவது கேட்க வைத்து, அவள் திணறுவதைப் படம் பிடித்துப் போடப் போகிறார். அவள் கண்கள் பக்கத்து நாற்காலிகளில் போனைத் தேடின. பக்கத்தில் ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

“கேளுங்க,” என்றாள்.

“உப்பைக் குறைக்கச் சொன்னாங்க மேடம். குறைச்சுட்டேன். சாதா உப்பை அடியோட நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா கடையில ஒரு உப்பு விக்குது. சோடியம் கம்மின்னு போட்டிருக்கு. உப்பில்லாத உப்புதானேன்னு, ருசி பத்தாம, கொஞ்சம் தாராளமாவே போட்டுக்கிறேன். தக்காளி ஜூஸ்லயும் போட்டுக் குடிக்கிறேன். கொஞ்ச நாளா காலு ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கு. படியேறினா முட்டி மடங்குது.” அவர் மூச்சு வாங்கினார். “நெஞ்சுலயும் ஒரு மாதிரி. பழைய லிப்ட் மாடிக்கு மாடி ஒரு குலுக்கு குலுக்கிட்டு நிக்குமே, அப்படி. இது அந்த உப்பாலயா, இல்ல வயசாலயா?”

டாக்சி டிரைவருக்கு அந்தக் கேள்வி சுவாரசியமாக இல்லை, போனை எடுத்துக்கொண்டார். பெரியவள் மட்டும் பாட்டிலை மேஜை மேல் வைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள்.

அந்த வகை உப்பில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். நல்ல சிறுநீரகம் அதிகப்படியை வெளியே தள்ளிவிடும். அப்பாவின் சிறுநீரகத்தால் முடியாது. போதாததற்கு அவர் சாப்பிடுகிற இரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கிற ரகம். அதன் மேல் தக்காளி ஜூஸ். பொட்டாசியம் எகிறினால் முதலில் கால் தளரும், அப்புறம் இதயத் துடிப்பு தாறுமாறாகும், அதற்கப்புறம் கேள்வி கேட்க ஆள் இருக்க மாட்டார்.

“எழுந்திருக்காதீங்க,” என்றாள் மைக்கில். “அங்கேயே உக்காருங்க. யாராவது ஒரு வீல்சேர் கொண்டு வாங்க. சீக்கிரம்!”

அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடியதில் ரப்பர் முட்டை கீழே விழுந்து உருண்டது. மேடம் ஓடி அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை.

அவசரப் பிரிவு அதே தளத்தில்தான். டியூட்டி டாக்டர் இளம்பெண், ஆனால் கை வேகம். இரத்தம் எடுத்தாள், மார்பில் ஒயர்களை ஒட்டினாள், இசிஜி காகிதம் வெளியே வர வர நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு நர்ஸிடம் ஏதோ ஊசியின் பெயரைச் சொன்னாள்.

“என்ன டாக்டர்?”

“இரத்த ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்க முடியாது மேடம். இசிஜியிலயே தெரியுது. உடனே மருந்து ஏத்துறேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

வெளியே வந்தவுடன் பெரியவள் செய்த முதல் காரியம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை எடுத்தார்.

“அக்கா, நேரலையில இருக்கேன், அப்புறம்...”

“நேரலையை நிறுத்துங்க! எங்கப்பாவுக்கு என்ன உப்பு குடுத்தீங்க?”

“உப்பா?”

“நடிக்காதீங்க. நாலு வீடியோ போட்டா டாக்டரா? கிட்னி பழுதான மனுஷனுக்குப் பொட்டாசியத்தை ஊட்டியிருக்கீங்க. உங்க முட்டாள்தனத்துக்கு ஒரு அளவே கிடையாதா? அவர் இப்ப எமர்ஜென்சியில கிடக்கிறாரு. ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்!”

“ஐயோ, மாமாவுக்கா?” அந்தப் பக்கம் ஏதோ பொருள் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. “அக்கா, நான் எந்தப் பொட்டாசியமும் குடுக்கலையே. நான் விக்கிற உப்பு ரோஸ் கலர்ல...”

ரோஸ் கலர்! அவள் போனை வைத்துவிட்டாள். உப்பைக் கலர் பார்த்து விற்கிற ஜென்மத்திடம் பேசுவதைவிட அந்தச் சுவரிடம் பேசலாம்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அவளை உள்ளே விட்டாள். அப்பாவின் கையில் ஊசி வழியே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் மானிட்டர் விடாமல் சத்தம் போட்டது. தொப்பியைக் கழற்றியிருந்ததால் அவர் தலை சின்னதாகத் தெரிந்தது.

“ரிசல்ட் வந்திருச்சு, பொட்டாசியம் ரொம்ப அதிகம்,” என்றாள் டாக்டர் மெல்லிய குரலில். “மருந்து கேட்குது, ஆனா இன்னும் ஆபத்து தாண்டல. அவரைப் பதட்டப்படுத்தாதீங்க. அதிகம் பேசவும் விடாதீங்க.”

டாக்டர் நகர்ந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

“மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினியா?”

“பேசாதீங்கப்பா. அந்த ஆளை நான் பார்த்துக்கிறேன்.”

“திட்டினியா?”

“பின்ன கொஞ்சுவாங்களா? உங்களைக் கொல்லப் பார்த்திருக்காரு.”

“அவர் குடுக்கலம்மா.” அப்பா தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். “அவருக்குத் தெரியவே தெரியாது. சின்னவளுக்கும் தெரியாது. ஒரு டப்பாவுல போட்டு மருந்துப் பொடின்னு சொல்லி வெச்சிருந்தேன்.”

“அப்ப யார் சொல்லி வாங்கினீங்க?”

“நீதான்.”

பெரியவள் அவரை உற்றுப் பார்த்தாள். பொட்டாசியம் மூளைக்கு ஏறிவிட்டதோ என்றுகூட நினைத்தாள்.

“போன மாசம் ஒரு புதன்கிழமை,” என்றார் அப்பா. “நீலச் சட்டைக்காரர் ஒருத்தர் எந்திரிச்சு, உப்பை விட முடியல, என்ன பண்றதுன்னு கேட்டாரு. நீ எவ்வளவு தன்மையா பதில் சொன்ன! சோடியம் கம்மியான உப்பு கடையில கிடைக்குது, அதை வாங்கிப் பழகுங்கன்னு சொன்ன. வெளிய போறப்ப நானும் ஒரு பாக்கெட் வாங்கிட்டேன்.”

நீலச் சட்டைக்காரர் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டார். அவருக்கு வெறும் இரத்த அழுத்தம். சிறுநீரகத்தில் கோளாறு உண்டா என்று கேட்டு, ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் அந்த பதிலைச் சொன்னாள். கேட்டது மைக் இல்லாமல். பதில் மட்டும் மைக்கில். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு பதில் மட்டும்தான் கேட்டிருக்கும்.

“நீங்க போன மாசமும் வந்தீங்களா?”

“எல்லாப் புதனும் வர்றேன். சின்னவகிட்ட வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிருவேன்.”

“எதுக்குப்பா? ஒரு போன் பண்ணி என்கிட்ட கேட்டா போதாதா?”

அப்பா மானிட்டர் பக்கம் திரும்பினார். அதில் ஓடுகிற பச்சைக் கோட்டை ஒரு மெக்கானிக்கின் கவனத்தோடு பார்த்தார்.

“உன்கிட்ட வீட்ல கேட்டா சிரிப்ப,” என்றார். “இங்க கேட்டா சிரிக்க மாட்ட.”

குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அழுகை வரும் என்று பெரியவள் எதிர்பார்த்தாள், அதுகூட வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

“அந்தப் பையனைப் போட்டுத் திட்டியிருக்க,” என்றார் அப்பா, கண்ணை மூடியபடி. “கோமாளித்தனம் பண்ணுவாரு, வாஸ்தவம்தான். ஆனா இதுல அவர் தப்பு இல்ல. வந்தா உண்மையைச் சொல்லிடு. எனக்கு அதுதான் உறுத்துது.”

“சொல்றேன்ப்பா. நீங்க தூங்குங்க.”

நடைபாதையில் ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

தங்கை தலைகூட வாராமல் வந்திருந்தாள். பின்னால் அவள் கணவர், நேரலையிலிருந்து அப்படியே எழுந்து ஓடி வந்தவர், இன்னும் அந்த வெள்ளைக் கோட்டோடு. எதிரே வந்த ஒரு கிழவர் அவரை நிறுத்தி, “டாக்டர், எக்ஸ்ரே எங்க எடுப்பாங்க?” என்று கேட்டார். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். மற்ற நாளாக இருந்தால் பெரியவள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்பாள்.

“அக்கா!” தங்கை அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறந்தநாள் சண்டை எங்கே போயிற்றோ தெரியவில்லை. “அப்பா எப்படி இருக்காரு?”

“மருந்து ஏறுது. இன்னும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றாங்க.”

“மருந்துப் பொடின்னு ஒரு டப்பா வெச்சிருந்தாருக்கா. நானும் கேக்காம விட்டுட்டேன். இவர் குடுத்ததுதானே அது? நீ போன்ல சொன்னதா இவரே சொன்னாரு.” தங்கை கணவர் பக்கம் திரும்பினாள். “எங்கக்கா படிச்சவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னைக்கே சொன்னா, நான்தான் கேக்கல. இனிமே எங்கப்பா இருக்கிற வீட்டுக்குள்ள நீங்க காலெடுத்து வைக்கக் கூடாது. உங்க சாமானை எடுத்துக்கிட்டு இன்னைக்கே கிளம்பிருங்க!”

நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேமரா முன்னால் வெள்ளரிக்காய்க்காகக் கலங்கிய கண்கள் இப்போது நிஜமாகவே நிறைந்திருந்தன. அவர் பெரியவளைப் பார்த்தார்.

“அக்கா, நான் தெரிஞ்சு எதுவும் குடுக்கல. ஆனா தெரியாம ஏதாவது நடந்திருக்குமோன்னு பயமா இருக்கு. அந்த ரோஸ் உப்பை நாலஞ்சு தடவை மாமா சூப்புல நானே போட்டிருக்கேன். அதுல நீங்க சொன்ன பொட்டாசியம் இருக்குமா? அதாலதான் இப்படி ஆச்சா? நான் அரைகுறை, எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க.”

பதில் அவளுக்குத் தெரியும். அந்த ரோஸ் உப்பும் சாதா உப்புதான், கலரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ‘உங்களால இல்ல, என்னாலதான்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? தங்கை அவளையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் தங்கை அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்,” என்றாள் பெரியவள். “அப்பாவைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்.”

திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். மானிட்டர் போடுகிற சத்தத்தில் வெளியே நடந்தது எதுவும் அப்பாவின் காதில் விழுந்திருக்கவில்லை. அவர் தூங்காமல் அவளுக்காகத்தான் காத்திருந்தார்.

“வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்கப்பா.”

“மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?”

அவள் அவருடைய போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

“சொல்லிட்டேன்ப்பா,” என்றாள், புதன்கிழமைக் குரலில்.